மருந்துக்கு முன்னால் அரிசியும் குடிநீரும்: சத்தீஸ்கர் மிதானின்கள் காட்டிய வழி

புது தில்லி: ஆதிவாசிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு குழந்தை எடை குறைந்து, அடிக்கடி வயிற்றுப்போக்கால் அவதிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு யார் பொறுப்பு என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் ஒரே அமைச்சரிடமிருந்து முழுப் பதில் கிடைக்காது. சிகிச்சை சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. அங்கன்வாடி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தைச் சேர்ந்தது. ரேஷன் அரிசி உணவு அமைச்சகத்திடமும், குடிநீர் ஜல் சக்தி அமைச்சகத்திடமும் உள்ளன. அமைச்சகங்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட நாள்களில் பதிலளிக்கும் அவையில், ஒரு குழந்தையின் நோய் பல துண்டுகளாகவே விவாதிக்கப்படுகிறது.

இந்தத் துண்டுகளை ஒரு மாநிலம் முழுவதும் குடியிருப்பு அளவில் ஒன்றுசேர்க்க முயன்றது சத்தீஸ்கர். மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்து 2000 நவம்பர் 1-ல் உருவான அம்மாநிலத்தில், கிராமங்களில் டாக்டர்கள் மிகக் குறைவு. இந்நிலையில் மாநில அரசும் தன்னார்வ அமைப்புகளும் கலந்து பேசி 2002-ல் தொடங்கியதுதான் "மிதானின்' திட்டம்.

தோழி என்று பொருள்: இரு சிறுமியரை வாழ்நாள் தோழியராகச் சடங்கு செய்து இணைப்பது சத்தீஸ்கர் கிராமங்களின் மரபு. அந்த உறவுக்குரிய பெயரே சுகாதாரத் தொண்டருக்கும் சூட்டப்பட்டது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பெண். அவரைத் தேர்வு செய்வது அங்கு வாழும் மக்கள். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் 146 வட்டாரங்களிலும் திட்டம் பரவி, மிதானின்களின் எண்ணிக்கை சுமார் 60,000 ஆனது.

இவர்களுக்குப் பயிற்சி அளிக்க மாநில சுகாதார வள மையம் நிறுவப்பட்டது. ஆக்ஷன் எய்டு அமைப்பும் மாநில அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே உருவான இம்மையத்தின் இயக்குநராகத் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றியவர், புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியராக இருந்த டாக்டர் டி. சுந்தரராமன்.

ஊராட்சிக்கு மதிப்பெண்: காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதோடு மிதானினின் வேலை முடிந்துவிடவில்லை. கைப்பம்பு இயங்குகிறதா, ரேஷன் கடை திறக்கிறதா, அங்கன்வாடியில் உணவு தரப்படுகிறதா, பள்ளியில் மதிய உணவு உண்டா என்று கவனிப்பதும் அவர் பணியாயிற்று. இத்தகவல்களைத் திரட்டி ஊராட்சிகளை மதிப்பிடும் "ஸ்வஸ்த் பஞ்சாயத்து' திட்டமும் பின்னர் வந்தது. பின்தங்கிய குடியிருப்பு எது, அங்கு குறை என்ன என்பது கிராமக் கூட்டத்தில் வெளிப்படையாயிற்று. உணவுத் திட்டக் குறைபாடுகளிலும் பெண்கள் மீதான வன்முறையிலும் மிதானின்கள் கூட்டாகத் தலையிட்டதை 2014-ல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்துள்ளது.

இதே காலத்தில் உணவு விநியோகமும் சீர்திருத்தப்பட்டது. 2004-ல் ரேஷன் கடைகள் தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டு ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள் வசம் ஒப்படைக்கப்பட்டன. நாடு முழுவதற்குமான உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வருவதற்கு முன்பே, 2012 டிசம்பரில் சத்தீஸ்கர் தனக்கெனச் சட்டம் இயற்றியது.

எண்கள் சொல்வது: தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-ல் அம்மாநிலத்தில் ஆயிரம் பிறப்புக்கு 71 ஆக இருந்த சிசு மரணம், 2019-21-ல் 44 ஆகக் குறைந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதம் 53 சதவீதத்திலிருந்து 35 ஆக இறங்கியது. இம்முன்னேற்றம் முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுத இயலாது. மேலும், பெருமைப்பட முடியாத எண்ணும் உண்டு. 2015-16-ல் 42 சதவீதமாக இருந்த குழந்தைகளின் ரத்தசோகை, அடுத்த ஆய்வில் 67 சதவீதமாக உயர்ந்தது. அரிசி கிடைப்பதும் சத்தான உணவு கிடைப்பதும் ஒன்றல்ல என்பதையே இது நினைவூட்டுகிறது.

தில்லி எடுத்தது பாதி: 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தை மத்திய அரசு தொடங்கியபோது, "ஆஷா' பணியாளர் திட்டத்துக்கு முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது மிதானின். ஆனால் குடியிருப்புக்கு ஒருவர் என்பது ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றாயிற்று. பிரசவத்துக்கு அழைத்துச் செல்லுதல், தடுப்பூசி போன்ற பணிகளுக்கு ஊக்கத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. பூட்டிக் கிடக்கும் ரேஷன் கடைக்காக மனு கொடுக்கும் பெண்ணின் உழைப்புக்கு அப்பட்டியலில் என்ன இடம்?

ஆஷாக்களுக்கு ஊதியம் நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், அவர்கள் தன்னார்வத் தொண்டர்கள் என்றும், பொது சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்றும் அரசு பதிலளித்து வந்துள்ளது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது வழங்கிப் பாராட்டியது. பாராட்டு வந்தது, ஊழியர் என்ற தகுதி உடன் வரவில்லை.

வறுமை, உணவு, குடிநீர், பெண்களின் நிலை ஆகியவையே உடல்நலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008-ல் கூறியது. சத்தீஸ்கரின் குடியிருப்புப் பெண்கள் அதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டனர். கிராமத்தில் ஒரு பெண் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் குறைகளை, தில்லியில் அமைச்சகங்கள் ஒன்றுசேர்ந்து எப்போது பார்க்கும் என்பதே இனி அவையில் எழ வேண்டிய கேள்வி.