ரயர்த் துண்டில் நிற்கும் கியர் பொக்ஸ்

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் பழைய மொறிஸ் மைனர் ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்தால், கியர் பொக்ஸுக்குக் கீழே லொறி ரயரில் வெட்டிய இரண்டு கறுப்புத் துண்டுகளைச் சிலவேளை காணலாம். அண்மையில் ஒரு கராஜில் நானும் அதைத்தான் கண்டேன். "தடைக் காலத்து வேலை தம்பி. அப்ப சாமான் எங்கை இருந்தது?" என்றார் கராஜ்காரர்.

அந்த இடத்தில் இருக்கவேண்டியது மவுண்டிங். பெரிய சாமான் அல்ல. இரண்டு இரும்புத் தகடுகள், நடுவே அவற்றோடு ஒட்ட வார்த்த இறப்பர். மேல்தகடு கியர் பொக்ஸின் பின்பகுதியோடு பூட்டப்படும். கீழ்த்தகடு காரின் குறுக்கே போகும் சட்டத்தோடு பூட்டப்படும். இரண்டையும் ஊடறுத்துச் செல்லும் போல்ட் கிடையாது. இரும்பு இரும்பைத் தொடாமல் இறப்பர் மட்டும் நடுவில் நிற்பதால்தான் எஞ்சினின் அதிர்வு காருக்குள் ஏறுவதில்லை. மைனருக்குப் பின்பக்கம் இப்படி இரண்டு தேவை. (1952 முதல் மைனரில் வந்த அதே 'ஏ' வரிசை எஞ்சின்தான் பின்னாளில் எம்ஜி மிட்ஜற் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. எங்கள் வாடகைக் கார்களுக்கு அப்படியும் ஓர் உறவு உண்டு.)

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டது. பற்றரியும் உதிரிப்பாகங்களும் வருவது நின்றது. காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது பலருக்கு நினைவிருக்கும். பெற்றோலுக்கெனச் செய்த எஞ்சின் மண்ணெண்ணெயில் தட்டும், நடுங்கும். அந்த நடுக்கத்தையெல்லாம் வாங்கியது இந்த இறப்பர்தான். அது கிழிந்தபோது மாற்றுவதற்குப் புதியது இல்லை. ரயரை வெட்டினார்கள்.

இதே 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொறிஸ் மைனர் நிலையத்தின் முயற்சியால், நாட்டின் தெற்கில் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரே தீவு!

ரயர்த் துண்டை நான் குறைசொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் பல கார்கள் அப்போதே இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் ரயர் இறப்பர் கடினமானது, உள்ளே நூலும் கம்பியும் இருக்கும். அதைத் துளைத்து ஒரே போல்ட்டால் மேலும் கீழும் இறுக்கியிருப்பார்கள். அதிர்வு அந்தப் போல்ட் வழியே நேராகச் சட்டத்துக்கு இறங்கும். மைனரின் உடல் தனிச் சட்டத்தின் மேல் ஏற்றிவைத்ததல்ல. அடித்தளமும் உடலும் ஒன்றாய் ஒட்டியவை. ஏற்கெனவே கறள் பிடித்த இடத்தில் இந்த அதிர்வு விழுந்தால் வெடிப்பு வரும். 2002இல் ஏ9 திறந்தபின் சாமான் வரத் தொடங்கியும், ஓடுகிற காருக்கு அடியில் யார் படுப்பது?

மவுண்டிங் போனதைக் கார் தானே சொல்லும். முதலாம் கியரில் கிளச்சை விடும்போது கார் உதறும். மைனரில் கிளச் மிதி இரும்புத் தண்டுகளால் இயங்குவதால், கியர் பொக்ஸ் அசைந்தால் கிளச்சும் தானாகப் பிடித்து விடும். இதை அறியாமல் கிளச் தட்டை மாற்றிக் காசை விட்டவர்கள் இருக்கிறார்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் அடியில் 'டொக்' என்று கேட்பதும், கியர்க் கம்பு ஆடுவதும் மற்ற அடையாளங்கள்.

வேலை அரை நாளில் முடியும், போல்ட்டுகள் ஒத்துழைத்தால். முதல் நாள் இரவே அவற்றுக்கு எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சில்லுகளுக்கு அடை கொடுத்து, காரை உயர்த்தி உறுதியான தாங்குகோல்களில் நிறுத்தவேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜக்குக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவே பலகைத் துண்டு வைத்து, பாரம் ஜக்கில் ஏறும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். அதிகம் உயர்த்தினால் சைலன்சர்க் குழாயும் கிளச் தண்டும் இழுபடும். முன்னால் விசிறி ரேடியேற்றரில் முட்டுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது.

பிறகு பழையதைக் கழற்றிக் குறுக்குச் சட்டத்தை இறக்கலாம். இங்கே அவசரப்படக் கூடாது. சட்டம் பூட்டும் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் ஓட்டையாகியிருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். ஓட்டையானால் முதலில் வெல்டிங். கியர் பொக்ஸின் பின்முனை எண்ணெய்க் கசிவையும் பார்க்கவேண்டும். எண்ணெய் பட்ட இறப்பர் ஊதி மென்மையாகிவிடும். கசிவை அடைக்காமல் புதியதைப் பூட்டினால், அதுவும் அதே கதிதான்.

புதியவற்றை இரண்டாக மாற்றுங்கள். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் பாரம் ஒருபக்கம் சாயும். கடையில் நீண்டகாலம் கிடந்து வெடித்த இறப்பரை வாங்கவேண்டாம். நகத்தால் அழுத்தினால் சற்றே இணங்கவேண்டும்.

எல்லாப் போல்ட்டுகளையும் கையால் தொடக்கிவிட்டு, இறுக்காமல் விடுங்கள். ஜக்கை இறக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு தரம் ஆட்டி, தானாக அமரவிட்டு, பிறகு இறுக்குங்கள். முதலே இறுக்கினால் இறப்பர் முறுகியபடி இருந்து சீக்கிரம் கிழியும். கியர் பொக்ஸின் இருப்பு மாறியிருப்பதால் கிளச் மிதியின் வெற்று அசைவையும் சரிபார்க்கவேண்டும். சில நாள் ஓடியபின் போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது இறப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.