எந்த உலாவி நல்லது?

சங்கக் கூட்டங்களில் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு: “அங்கிள், எந்த பிரவுசர் நல்லது?”

வேகத்தில் இன்று பெரிய வித்தியாசமில்லை. 2020 முதல் குரோம், எட்ஜ் இரண்டுக்கும் குரோமியம் என்ற ஒரே அடித்தளம்; ஃபயர்பாக்ஸின் இயந்திரம் வேறு. ஆகவே குரோமில் தகராறு செய்யும் தளத்தை ஃபயர்பாக்ஸில் திறந்து பாருங்கள். 2022 ஜூனில் ஓய்வுபெற்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நம்பியிருந்த பழைய அலுவலகத் தளங்களுக்கு எட்ஜில் ‘ஐ.இ. மோட்’ உண்டு.

உலாவியைவிடப் பெரிய விஷயம், அதில் யார் கணக்கு என்பது. ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் சொந்தக் கணக்கைத் திறந்து ‘சிங்க்’ கொடுத்துவிட்டேன். வீட்டில் சேமித்திருந்த வங்கிப் பாஸ்வேர்டெல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது! அன்றே அழித்து, பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

இப்போது ஆபீஸுக்கு எட்ஜ், வீட்டுக்கு ஃபயர்பாக்ஸ். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணக்கை மட்டும் ஆபீஸில் திறக்காதீர்கள்.