வயலில் ஒரு காவற்படை

பொங்கல் நெருங்கினால் நம் செட்டிநாட்டு வீடுகளில் முதலில் வெளியே வருவது ஒட்டடைக் கம்புதான். முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு சிலந்தி வலைகூட மிஞ்சாது. வலையோடு சிலந்தியும் போகும். அதற்காக நாம் வருந்துவதில்லை. ஆனால் அதன் இனத்தவை நெல் வயலில் இருந்துகொண்டு, நாம் உண்ணும் சோற்றைக் காக்கின்றன என்பதைச் சென்ற கார்த்திகை மாதத்தில்தான் நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

கோவிலூர்ப் பக்கத்தில், கண்மாய்த் தண்ணீரில் விளையும் வயல் ஒன்று எங்கள் வகுப்புத் தோழியின் தந்தையாருக்கு உண்டு. அதைப் பார்க்க அறிவியல் ஆசிரியையுடன் நாங்கள் சென்ற அன்று, அவர் தெளிப்பானுடன் வரப்பில் நின்றிருந்தார்.

"பக்கத்து வயலில் புகையான் விழுந்துவிட்டது, டீச்சர். இன்றைக்கு மருந்து அடிக்காவிட்டால் பயிர் போய்விடும்" என்றார்.

"அடிப்பதற்கு முன் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிடலாமே, ஐயா" என்றார் எங்கள் ஆசிரியை. எண்ண வேண்டியது புகையானை மட்டுமன்று, சிலந்தியையும்தான் என்று அவர் கூறியதும் எங்களுக்கு வியப்பாயிற்று.

புகையான் என்பது பழுப்பு நிறமுள்ள ஒரு சிறு தத்துப்பூச்சி. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியது போலாகிவிடும்.

இப்பூச்சியை வேட்டையாடுவதில் முதலிடம் பெறுவது ஓநாய்ச் சிலந்தி. சிலந்தி என்றாலே வலைதான் நம் நினைவுக்கு வரும். இதுவோ வலை பின்னுவதில்லை. பயிரின் அடியிலும் நீரின் மேலும் ஓடியோடி இரையைப் பிடிக்கும். நாள் ஒன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை உண்ணும் என்பர். தாய்ச் சிலந்தி முட்டைப் பையைத் தன் உடலோடு ஒட்டிச் சுமந்து திரியும். குஞ்சுகள் பொரித்ததும் அவற்றை முதுகில் ஏற்றிக்கொள்ளும். அந்தக் காட்சியை அன்று கண்ட பின், சிலந்தியைக் கண்டு அஞ்சும் தோழியர்கூட அருகில் குனிந்து பார்த்தனர்!

பயிரின் மேற்பகுதியில் வேறு காவலர்கள் உள்ளனர். கால்களில் முள் போன்ற மயிர்களையுடைய லின்க்ஸ் சிலந்தி, குருத்துப் பூச்சியின் தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. நீண்ட தாடைச் சிலந்தி, கால்களை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு இலையாகப் படுத்திருக்கும்; மாலையில் வலை கட்டித் தத்துப்பூச்சிகளைச் சிக்க வைக்கும். இவை எவையும் பயிரைக் கடிப்பதில்லை. நஞ்சினால் இரையை அடக்கி, அதைக் கரைத்து உறிஞ்சுவதே சிலந்தியின் உணவு முறை. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவைப் பிடிக்க இவற்றால் இயலாது என்பதும் உண்மையே.

அப்படியானால் மருந்தும் அடிப்போம், சிலந்தியும் இருக்கட்டும் என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்! பல பூச்சிகளையும் ஒருங்கே கொல்லும் மருந்து, வயலில் ஓடித்திரியும் சிலந்தியையும் கொன்றுவிடுகிறது. புகையானின் முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. சில நாட்களில் அவை பொரிக்கும்போது, உண்பதற்குச் சிலந்திகள் இல்லை. புகையான் விரைவாகப் பெருகும். சிலந்தி மெதுவாகத்தான் பெருகும். எனவே மருந்து அடித்த வயலிலேயே பூச்சி முன்னைவிட அதிகமாகிறது.

இந்தோனேசிய நாடு இதைப் பெருந்துன்பத்தின் மூலம் கற்றுக்கொண்டது. 1970-களில் அங்கே மருந்து தாராளமாகத் தெளிக்கப்பட்டும் புகையான் நெல்வயல்களை அழித்தது. 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, நெல்லுக்குப் பயன்படுத்தி வந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. வயலில் இறங்கி நன்மை செய்யும் உயிர்களையும் இனம் கண்டு எண்ணும் பயிற்சி உழவர்களுக்கு அளிக்கப்பட்டது.

நம் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சிலந்தியைக் கணக்கில் சேர்த்துள்ளது. நட்ட பயிர்க் கொத்து ஒன்றைக் 'குத்து' என்றும், அதில் கிளைக்கும் ஒவ்வொரு தண்டையும் 'தூர்' என்றும் கூறுவர். சிலந்தி இல்லாத வயலில், தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும் வரை பொறுக்கலாம். ஒரு சிறு சிலந்திக்கு அறிவியல் அளித்துள்ள மதிப்பைப் பாருங்கள்!

அன்று நாங்கள் வயலின் பல இடங்களில் குத்துகளை மெல்லச் சாய்த்து எண்ணினோம். புகையான் இருந்தது, ஆனால் தூருக்கு ஒன்றுகூட இல்லை. சிலந்தியோ ஏறக்குறைய எல்லாக் குத்துகளிலும் இருந்தது. தோழியின் தந்தையார் நெடுநேரம் பேசாமல் நின்றார். பாடுபட்ட பயிர் அல்லவா? தவறினால் நட்டம் அவருக்குத்தானே? இறுதியில், "தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் எண்ணுகிறேன்" என்று சொல்லித் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார். வயலில் தண்ணீர் தேங்காமல் வடித்தலும், யூரியாவை அளவோடு இடுதலும், நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதலும் புகையானைக் குறைக்கும் வழிகள் என்று ஆசிரியை எங்களுக்கு விளக்கினார்.

அவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை எண்ணிக்கொண்டே இருந்தார். தெளிப்பானை மீண்டும் எடுக்க நேரவில்லை. தை மாதக் கடைசியில் அவ்வயல் நல்லபடியாக அறுவடை ஆயிற்று.

இவ்வாண்டும் பொங்கலுக்கு எங்கள் வீடுகளில் ஒட்டடை அடித்தோம். ஆனால் கீழே விழுந்த சிலந்திகளை மிதிக்கவில்லை. தாளில் ஏந்தித் தோட்டத்தில் விட்டோம். உழவர் குடும்பத்துத் தோழியரே! உங்கள் வீட்டில் மருந்து வாங்கப் புறப்படும்போது, "சிலந்தியை எண்ணினீர்களா, அப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூலி கேட்காத அக்காவற்படையை நாமே அழிக்கலாமா?