சீட்டுக் குலுக்கலில் கிடைத்த உத்தரவாதம்

புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு போக இரண்டு பெரிய வழிகள் உண்டு. தெற்கே தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. வடக்கே ராஜபாளையம், தேனி, குமுளி. ஒரு லாரி என்றால் டிரைவரே முடிவுசெய்துகொள்வார். ஒரே இரவில் சுற்று வட்டாரத்திலிருந்து 50 லாரிகள் கிளம்புகின்றன, ஒன்று கொல்லத்துக்கு, ஒன்று கோட்டயத்துக்கு, ஒன்று கொச்சிக்கு என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாலைத் துண்டிலும் அளவுக்கு மீறி லாரிகள் சேரக் கூடாது. யாரை எந்த வழியில் அனுப்புவது?

லாரிக்கு இரண்டே வழிகள்தான் என்றாலும், மொத்த ஏற்பாடுகள் 11 கோடி கோடியைத் தாண்டும். விநாடிக்கு 10 கோடி ஏற்பாடுகளைச் சோதிக்கும் கணினிக்கு அத்தனையையும் பார்த்து முடிக்க 130 நாட்கள் ஆகும். இன்னும் பத்து லாரி சேர்ந்தால் ஏறத்தாழ 365 ஆண்டுகள்! இப்படிப் பெருகும் தேர்வுகளில் நல்லதைக் கண்டுபிடிக்கும் துறைக்குச் சேர்க்கையியல் உகப்பாக்கம் என்று பெயர். இணையத்தில் செய்திகள் ஓடும் பாதைகளுக்கும், சிப்புக்குள் ஓடும் கம்பிகளுக்கும் இதே சிக்கல்தான்.

இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு விடை சென்னை ஐஐடியில் படித்த ஒருவரிடமிருந்து வந்தது. பிரபாகர் ராகவன் 1981-இல் அங்கே பி.டெக். முடித்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் முனைவர் பட்டம் பெற்றவர். இன்று அவரைக் கூகுளின் தலைமைத் தொழில்நுட்பவியலாளராகத்தான் பலருக்கும் தெரியும். ஆனால் தன் வழிகாட்டி கிளார்க் தாம்சனோடு சேர்ந்து 1987-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே அவருடைய பெரிய கொடை என்பேன். சிப்புகளில் கம்பிகளுக்கு வழி ஒதுக்கும் கேள்வியிலிருந்து பிறந்தது அது.

லாரியைத் துண்டு போடலாம் என்று ஒரு கணம் அனுமதித்துவிட்டால் கணக்கு சட்டென்று இளகிவிடும். லீனியர் புரோகிராமிங் என்ற கணித முறை அதற்கு உண்டு. கணிதவியலாளர் டான்ட்ஸிக் 1947-இல் அதற்கு வழிகாட்டினார். 1984-இல் நம் நாட்டு நரேந்திர கார்மார்க்கர் அதற்கு வேகமான புதிய வழி கண்டார். அந்த முறை, "இந்த லாரியில் பத்தில் ஆறு பங்கு ஆரியங்காவு வழியே, நான்கு பங்கு குமுளி வழியே" என்று விடை தரும். பாதி லாரி எங்கே ஓடும்? எந்தப் பங்கு பெரிதோ அந்த வழியிலேயே முழு லாரியையும் விட்டுவிடலாமே என்று தோன்றும். ஐம்பது லாரிக்கும் ஆறுக்கு நான்கு என்றே விடை வந்திருந்தால் அத்தனையும் ஆரியங்காவில் போய் நிற்கும்.

ராகவனும் தாம்சனும் அந்தப் பங்குகளை நிகழ்தகவுகளாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு லாரிக்கும் பத்துச் சீட்டு. ஆறில் ஆரியங்காவு, நான்கில் குமுளி. குலுக்கி ஒன்றை எடு, வந்த வழியில் போ. ரேண்டமைஸ்டு ரவுண்டிங் என்று இதைச் சொல்கிறார்கள்.

குலுக்கலை நம்பி எப்படிச் சரக்கு ஏற்றுவது? இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. காசை 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு சுமார் 35-இல் ஒன்று. 70-ஐத் தொடும் வாய்ப்போ ஏறத்தாழ 25,000-இல் ஒன்று. சராசரியை விட்டு விலக விலக வாய்ப்பு இவ்வளவு வேகமாகச் சரிகிறது. தனித்தனியாகக் குலுக்கப்பட்ட லாரிகள் ஒரே சாலையில் மிதமிஞ்சிக் குவிவதும் அதனால்தான் அரிது. சாலைகளில் போக்குவரத்து கணிசமாக இருந்தால், இந்த விடை சாத்தியமான மிகச் சிறந்த விடையை நெருங்கி நிற்கும். மிக மோசமான நிலையிலும் நெரிசல் அந்தச் சிறந்த விடையைப்போல் எத்தனை மடங்குக்கு மேல் போகாது என்று அவர்கள் நிறுவினார்கள். சாலை வலை பெரிதாகும்போதும் அந்த மடங்கு மிக மெதுவாகவே கூடுகிறது. 1988-இல் ராகவன் குலுக்கலே இல்லாமல் அதே தரமான விடையை அடையும் வழியையும் காட்டினார்.

சென்னை ஐஐடியில் 1989-இல் பட்டம் பெற்ற அரவிந்த் சீனிவாசன் இதை மேலும் வளர்த்தார். சீட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும்படி குலுக்கினால், "சரியாக இத்தனை லாரிதான்" போன்ற கட்டாயங்களையும் காப்பாற்றலாம் என்று 2001-இல் அவர் காட்டினார். நகர மக்களின் தொடர்பு வலையில் தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று 2004-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு.

நெரிசல் இத்தனை மடங்குக்கு மேல் போகாது என்ற அந்த 1987 எல்லையை இன்னும் குறைக்க முடியுமா? இருபது ஆண்டுகள் கழித்து 2007-இல் நால்வர் குழு ஒன்று பதில் தந்தது. ஒருவழிப் பாதைகளாலான வலையில் அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறந்த உத்தரவாதத்தை வேகமான எந்த முறையாலும் தர இயலாது என்பதே அது. கணினியியலில் பரவலாக ஏற்கப்பட்ட ஓர் ஊகத்தின் மேல் நிற்கும் நிரூபணம். நால்வரில் ஒருவரான வெங்கடேசன் குருசாமியும் சென்னை ஐஐடி மாணவரே. தொடக்கத்தில் எளிய தந்திரமாகத் தெரிந்தது, எல்லையையே தொட்டு நின்றிருக்கிறது.

இருவழிப் பாதைகளுக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. தெரிந்த உத்தரவாதத்துக்கும் தெரிந்த தடைக்கும் இடையே பெரிய இடைவெளி கிடக்கிறது. அதில் இறங்க விரும்பும், தென்காசிப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் ராகவனும் ராஜீவ் மோத்வானியும் 1995-இல் எழுதிய பாடநூலிலிருந்து தொடங்கலாம். நிகழ்தகவும் பொறுமையும் போதும், பெரிய ஆய்வகம் தேவையில்லை.