உங்களுக்குத் தெரியுமா? – எலிகளின் குடிப்பிறப்பு

● எலி எவ்வளவு குடிக்கும் என்று அளக்க, கூண்டில் இரண்டு பாட்டில்கள் போதும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஆல்கஹால் கலந்த தண்ணீர். எது எவ்வளவு குறைந்தது என்று தினமும் குறித்துக்கொள்வார்கள். சில எலிகள் ஒரே பக்கம் போய்க் குடிக்கும் என்பதால் பாட்டில்களை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பதும் உண்டு.

● 1959-ல் அமெரிக்காவில் மெக்ளெர்ன், ராஜர்ஸ் இருவரும் பல சுண்டெலி வம்சங்களை இப்படிச் சோதித்தார்கள். ‘சி57’ என்னும் கறுப்புச் சுண்டெலிகள் மதுப் பாட்டிலை விடவில்லை. ‘டி.பி.ஏ.’ வம்சம் அதைச் சீண்டவே இல்லை. 40 ஆண்டுகள் கழித்து போர்ட்லண்ட், ஆல்பனி, எட்மன்டன் என மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் சோதித்தபோதும் அதே கதைதான்.

● அதனால் டி.பி.ஏ. சுண்டெலியை யோக்கியன் என்று நம்பிவிடாதீர்கள். ஊசி மூலம் ஆல்கஹாலை ஏற்றி, சொரசொரப்பான ஒரு தரையில் விட்டுப் பழக்கினார்கள். பிறகு ஊசியே போடாமல் விட்டாலும் அந்தத் தரையைத் தேடிப் போய் நின்றது. அதுவும் குடிகார சி57-ஐ விட ஆர்வமாக! அதற்கு ஆகாதது மதுவின் சுவைதான், போதை அல்ல.

● தமிழ்நாட்டைப் போலவே ஃபின்லாந்திலும் மதுக்கடை அரசுடையதுதான், பெயர் ‘ஆல்கோ’. அதன் ஆய்வுக்கூடமே 1960-களில் குடிக்கும் எலிகளைத் தனியாகவும் குடிக்காதவற்றைத் தனியாகவும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, இரண்டு வம்சங்களை உருவாக்கியது.

● பிறவியில் குடிக்காத எலிக்கும் குடியைப் பழக்கலாம். முதலில் சர்க்கரைத் தண்ணீர். பிறகு அதில் கொஞ்சம் ஆல்கஹால். ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் சர்க்கரையே இல்லாவிட்டாலும் எலி குடிக்கும். 1986-ல் ஹெர்மன் சாம்சன் கையாண்ட வழி இது.

● தாயில்லாமல் குட்டிகளோடு குட்டிகளாக வளர்ந்த ரீசஸ் குரங்குகள், தாயிடம் வளர்ந்தவற்றைவிட அதிகம் குடித்தன. ஆனால், தாயிடம் வளர்ந்தவற்றையும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே அடைத்தபோது, ஏறக்குறைய அதே அளவுக்குக் குடித்தன (1991).

● பழ ஈக்களிலும் தேவதாஸ் உண்டு! பெண் ஈ ஏற்க மறுத்த ஆண் ஈக்கள், ஆல்கஹால் கலந்த உணவைத் தேடித் தின்றன (2012). அவற்றின் மூளையில் ‘நியூரோபெப்டைடு எஃப்’ என்ற பொருள் குறைந்திருந்தது. இணைசேர்ந்த ஈயிலும் அது வேலை செய்யாதபடி தடுத்தால், அதுவும் மதுவை நாடியது.