உங்களுக்குத் தெரியுமா? ‘ஓவர்ஹோல்’ என்றால் கழற்றிப் பூட்டுதல்

● ‘ஓவர்ஹோல்’ கராஜில் பிறந்த சொல் அல்ல, கடலில் பிறந்தது. பாய்க்கப்பலில் பாரம் தூக்கும் கயிறு பல கப்பிகளுக்குள்ளால் ஓடும். தூக்கி முடிந்ததும் அந்தக் கயிற்றை எதிர்ப்பக்கமாக இழுத்துத் தளர்த்தி, கப்பிகளை விலக்கி, அடுத்த தூக்கலுக்கு ஆயத்தமாக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகள் அதற்கு வைத்த பெயர்தான் இது. கயிறு முழுவதும் கைக்குள்ளால் போனால் நைந்த இடம் எங்கே என்பதும் தெரிந்துவிடும். முற்றாகச் சோதித்துப் பார்த்தல் என்ற பொருள் பின்னர் வந்தது. பழுது நீக்கிப் புதுப்பித்தல் அதற்கும் பின்னர்.

● கயிறும் கப்பியும் வடமராட்சிக்குப் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். ஏறத்தாழ 90 அடி நீளம். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திப்போய், 1938 ஓகஸ்டில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். எங்கள் ஓடாவிகளின் கைவேலை அத்திலாந்திக்கைக் கடந்த அந்தக் கதையை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

● அகராதிகள் இந்தச் சொல்லுக்கு ‘செப்பனிடல்’, ‘மறுசீரமைப்பு’ என்று பொருள் தருகின்றன. யாழ்ப்பாணத்து மெக்கானிக் அப்படிச் சொல்வதில்லை. “எஞ்சின் கழட்டிப் பூட்டவேணும் அண்ணை” என்பார். ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். நிலத்தில் ஒரு சாக்கை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே நட்டுகளை வரிசையாக வைப்பார். பிஸ்டன் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் ஊறும். கரி பிடித்த றிங்கை நகத்தால் சுரண்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, உதவாதென்றால் ஒரு பக்கம் எறிவார். எதை வைத்திருப்பது, எதை மாற்றுவது என்ற முடிவு முழுவதும் கழற்றிய பிறகுதான். ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லில் இந்தக் கழற்றல் காதில் விழுவதே இல்லை. கல்வியை, வரியை, போக்குவரத்தை ஓவர்ஹோல் செய்யப்போவதாக ஆங்கிலப் பத்திரிகை எழுதும்போது, ‘கழற்றிப் பூட்டப் போகிறார்கள்’ என்று மனதுக்குள் மாற்றி வாசியுங்கள். எதைக் கழற்றுவார்கள் என்ற கேள்வி தானாக எழும்.

● 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் கழற்றிப் பூட்டாத வாகனம் அரிது. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ‘ஏ போர்ட்டி’ போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து, அதை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் நீர்த்தால் றிங்கும் பெயரிங்கும் தேயும், பிளக்கில் கரி படியும். ஆகவே திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டத்தான் வேண்டும். கையில் புதுப்பாகம் ஒன்றுமில்லாமல் அந்தக் கார்களில் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மெக்கானிக்குகளுக்கும் சாரதிகளுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது.

● ஆங்கிலத்தில் ‘றிப்பெயர்’ வேறு, ‘கரெக்‌ஷன்’ வேறு, ‘அமென்ட்மென்ட்’ வேறு. எங்களுக்கு மூன்றும் திருத்தம்தான். சைக்கிள் திருத்துமிடம், கொப்பி திருத்தும் ரீச்சர், மாகாணசபைகளுக்கு வழி திறந்த 1987இன் 13ஆம் திருத்தம். ஆனால் திருத்தம் ஓவர்ஹோல் ஆகாது. ரியூப்பில் ஒட்டுப்போடுவது திருத்தம். சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கழுவி, கிறீஸ் பூசி, குண்டு மாற்றிப் பூட்டுவது ஓவர்ஹோல்.

● ஓவர்ஹோல் செய்வதற்குப் பொருள் மிஞ்சியிருக்க வேண்டும். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதம் 1990இல் குடாநாட்டுக்கு வராமல் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. பாதையை அடியிலிருந்தே புதிதாகப் போட்டு, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. அது மீள்கட்டுமானம். வடக்குப் பாதையில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே 2023இல் சில மாதங்கள் சேவையை நிறுத்திச் செய்த வேலைக்குத்தான் ஓவர்ஹோல் என்ற சொல் பொருந்தும்.

● உச்சரிப்பில் ஒரு நுணுக்கம்: பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘ஓ’வில், வினையாக வரும்போது ‘ஹோ’வில்.

● இன்னொரு பொருளும் உண்டு. பின்னால் வந்த கப்பல் முன்னே போனதை எட்டிப்பிடித்து முந்தினாலும் ஆங்கிலத்தில் அது ஓவர்ஹோல்தான். வல்வெட்டித்துறைக் கடலில் வள்ளப்போட்டி நடக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.