எதிர்மின்னிப் பிடிப்பு

எதிர்மின்னிப் பிடிப்பு என்பது, ஓர் அணுவின் கரு அதே அணுவின் உட்கூட்டில் உள்ள எதிர்மின்னி (இலத்திரன்) ஒன்றைத் தன்னுள் ஏற்றுக்கொள்ளும் கதிரியக்க நிகழ்வு ஆகும். இதன்போது கருவில் உள்ள நேர்மின்னி (புரோத்தன்) ஒன்று நொதுமியாக (நியூத்திரன்) மாறுகின்றது. நியூட்ரினோ ஒன்று வெளியேறுகின்றது. அணு எண் ஒன்று குறையும். நிறை எண் மாறாது. எனவே அணு வேறொரு தனிமத்தின் அணுவாகிவிடுகின்றது.

இந்நிகழ்வை இத்தாலிய இயற்பியலாளர் ஜான் கார்லோ விக் 1934 ஆம் ஆண்டில் கோட்பாட்டளவில் ஆராய்ந்தார். 1937 ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் லூயிசு ஆல்வாரெசு, வனேடியம்-48 அணுக்களில் இதனை ஆய்வு வழியாகக் கண்டறிந்தார்.

நிகழும் முறை

எதிர்மின்னி, கதிரவனைச் சுற்றும் கோளைப் போல வரையறுத்த பாதையில் சுற்றுவதில்லை. குவாண்டம் இயங்கியலின்படி, அது இருக்கும் இடத்தை நிகழ்தகவாக மட்டுமே கூற இயலும். கருவுக்கு மிக அருகில் உள்ள 'கே' கூட்டின் எதிர்மின்னி, கருவின் உள்ளேயே காணப்படுவதற்கும் சிறிதளவு வாய்ப்பு உண்டு. அவ்வாறு இருக்கும்போது, அடிப்படை விசைகள் நான்கனுள் ஒன்றான வலுக்குறை விசையின் வழியாகப் பிடிப்பு நிகழ்கின்றது.

பிடிக்கப்பட்ட எதிர்மின்னியின் வெற்றிடத்தை வெளிக்கூட்டில் உள்ள எதிர்மின்னி ஒன்று நிரப்பும். அப்போது வெளிப்படும் ஆற்றல் எக்சு கதிராக வெளியேறும். அல்லது மற்றோர் எதிர்மின்னியை அணுவிலிருந்து வெளியேற்றும்.

எல்லா அணுக்களிலும் ஏன் நிகழ்வதில்லை?

மாற்றத்தின் பின் உருவாகும் அணுவின் நிறை, முந்தைய அணுவின் நிறையை விடக் குறைவாக இருந்தால் மட்டுமே பிடிப்பு நிகழ முடியும். ஐதரசன் அணுவில் ஒரு நேர்மின்னியும் ஓர் எதிர்மின்னியும் உள்ளன. நொதுமியின் நிறை இவ்விரண்டின் கூட்டு நிறையை விட ஏறத்தாழ 0.78 மில்லியன் எதிர்மின்னி வோல்ட்டு அளவு மிகுதி. இச்சிறு வேறுபாடே ஐதரசன் அணு தானாக நொதுமியாக மாறிவிடாமல் காக்கின்றது. இவ்வேறுபாடு எதிர்மாறாக இருந்திருப்பின், நீரும் விண்மீன்களும் இன்றுள்ள வடிவில் இருந்திரா.

எடுத்துக்காட்டுகள்

பெரிலியம்-7, எதிர்மின்னிப் பிடிப்பினால் மட்டுமே இலித்தியம்-7 ஆக மாறுகின்றது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 53 நாட்கள். பொதுவாக அரைவாழ்வுக் காலம் வேதிச் சூழலைச் சார்ந்ததன்று எனக் கொள்ளப்படும். எனினும் பெரிலியம்-7 எந்தச் சேர்மத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து, இக்காலம் மிகச் சிறிதளவு மாறுகின்றது. எதிர்மின்னிகள் அனைத்தையும் இழந்த பெரிலியம்-7 கரு, பிடிப்பதற்கு எதிர்மின்னி இன்மையால் சிதைவதே இல்லை.

பொட்டாசியம்-40 அணுக்களில் ஏறத்தாழ 11 விழுக்காடு இம்முறையில் ஆர்கான்-40 ஆக மாறுகின்றன. எஞ்சியவை கால்சியம்-40 ஆகின்றன. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். எரிமலைக் குழம்பு உறைந்த பின், அப்பாறையில் தங்கும் ஆர்கானின் அளவைக் கொண்டு அதன் வயது கணிக்கப்படுகின்றது.